அரைப்பேர் இல்லாத தோட்டம்

கவலைப்படாதே என்று பிறருக்குச் சொல்வதைப்போல் எளிய காரியம் உலகில் வேறொன்று இல்லை. சொல்பவனுக்கு அதனால் செலவொன்றும் இல்லை. கேட்பவனுக்கோ பெரும்பாலும் பயனொன்றும் இல்லை. வயிறு நிறைந்தவன் பசித்தவனை நோக்கியும், சொந்த வீடுள்ளவன் லயத்துக் காம்பராவில் ஒடுங்கிக் கிடப்பவனை நோக்கியும் இவ்வுபதேசத்தை வழங்கும்போது, கேட்பவன் நெஞ்சில் ஆறுதலுக்குப் பதிலாகக் கசப்பே எஞ்சுகிறது. ஆயினும் கிறிஸ்தவர்களாகிய எங்கள் வேதத்தின் நடுவிலேயே இந்த உபதேசம் இருக்கிறது. மலைப்பிரசங்கத்தின் சிகரமான பகுதிகளுள் அஃதும் ஒன்று. அதனை ஒதுக்கிவிடவும் இயலாது; வெறும் வாய்ப்பாடாக ஒப்புவித்துவிட்டு வீடு திரும்பவும் மனம் ஒப்பாது. அன்றாடக் கவலைகளுக்கு நடுவே கடவுளை நம்புதல் என்பதன் உண்மைப் பொருள் யாது? அதனைக் கற்றுக்கொள்ளும் வழி யாது? மலையகத்து வாழ்வை அருகிருந்து பார்த்துவரும் ஒருவன் என்ற முறையில் என் கருத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சொற்களைச் சற்று நோக்குவோம். 'கவலை' என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் மனவருத்தம். சங்கச் செய்யுட்களிலோ அச்சொல் கவர்த்த வழியையும் குறிக்கும். ஒரே பாதை இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, எதில் செல்வது என்று வழிப்போக்கன் திகைத்து நிற்கும் இடமே கவலை. மனக்கவலையும் அத்தகையதே அன்றோ? உள்ளம் ஒருவழிப்படாமல் பல கிளையாகப் பிரிந்து, எந்தக் கிளையிலும் ஓர் அடிகூட முன்செல்லாது நிற்பதே அதன் இயல்பு.

'விசுவாசம்' என்ற வடசொல்லின் வேர் மூச்சுவிடுதலைக் குறிப்பது. அச்சமின்றி மூச்சுவிடும் நிலையே அதன் அடிப்பொருள் எனலாம். 'நம்பு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கோ தொல்காப்பியர் உரியியலில் நசை என்று பொருள் உரைக்கிறார். ஆகவே நம்புதல் என்பது ஒரு கொள்கையை அறிவினால் ஒப்புக்கொள்ளுதல் மட்டும் அன்று. விரும்பிச் சார்தலும் ஆகும். மனக்கவலையை மாற்றும் வழி ஒப்பற்றவனின் தாளைச் சேர்தலே என்று வள்ளுவரும் கடவுள் வாழ்த்திலேயே வைத்துப் பேசுகிறார். எனவே இஃது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வினா அன்று. கிறிஸ்தவன் தன் வேதத்தைக்கொண்டு விடை தேடுகிறான், அவ்வளவே வேறுபாடு.

இனி இவ்வினாவை ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளிலிருந்து கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இறங்கி வருகின்றன. இவ்விரண்டும் கூடிக் களனி கங்கையாகும் பகுதியை அடுத்து அமைந்தது பொல்பிட்டிய. நீர்மின்சாரத்தைப் பற்றி இந்நாட்டினர் கனவு காணத் தொடங்கிய காலத்திலேயே, இந்த மலைநீரின் ஆற்றலைக் கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள். 1950 இல் பழைய லக்சபான நிலையமும், 1965 இல் அவர் பெயரையே தாங்கிய நிலையமும், 1969 இல் பொல்பிட்டிய நிலையமும் இயங்கத் தொடங்கின. காசல்ரீயில் தேக்கப்பட்ட நீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒருமுறை உழைத்து, லக்சபானவில் மறுமுறை உழைத்து, மூன்றாம் முறையும் உழைப்பதற்காகப் பொல்பிட்டியவுக்கு வருகிறது.

இதில் உள்ள முரண்பாட்டை எண்ணாமல் இருக்க இயலவில்லை. மலைநீர் ஈன்ற ஒளி கொழும்புத் தெருக்களில் எரிந்த காலத்தில், அந்நீர் பிறந்த சரிவுகளிலே இருந்த லயங்கள் பல, பல்லாண்டுகள் குப்பி விளக்கின் புகையிலேயே இருந்தன. மூன்று முறை உழைத்த நீரைப்போல் மூன்று தலைமுறை உழைத்தும் தமக்கென ஒரு பிடி மண் இல்லாதவர்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்களிடம் போய்க் கவலைப்படாதே என்று சொல்ல எவனுக்குத் துணிவு வரும்?

அவர்களுடைய கவலைகள் கற்பனையானவை அல்ல. இன்று மழை விடுமா, பிரட்டுக்குப் போனால் பேர் கிடைக்குமா, கொழுந்து நிறைவுக்கு வருமா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்ன செய்வது, கடைக்காரனின் பற்றுக் கொப்பியில் ஏறிய தொகை எப்போது இறங்கும் என்பன அன்றாடக் கவலைகள். அவற்றின் பின்னால் வரலாற்றின் கவலைகள் நிற்கின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. உறவினரைப் பிரித்துக்கொண்டு தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எந்த நாட்டுக்கு உரியவர் என்பதே ஐயமாகிவிட்ட ஒரு குடும்பம், நாளையைப் பற்றி எங்ஙனம் கவலையுறாமல் இருந்திருக்கும்?

அண்மைக் காலமும் வேறல்ல. நாளொன்றுக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டளவில் எழுந்த கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியது. 2022 இன் பிற்பகுதியில் உணவுப்பொருள் விலையேற்றம் 90 வீதத்தைத் தாண்டியது. பல ஆண்டுகள் காத்துப் பெற்ற தொகை, கைக்கு வந்த சிறிது காலத்திலேயே பாதிக்கும் குறைவான அரிசியாகச் சுருங்கியது.

இத்தகைய வாழ்வை மனத்திற்கொண்டு மலைப்பிரசங்கத்தை மறுபடி வாசித்தால், நாம் வழக்கமாகக் காணாத சில செய்திகள் புலப்படும் என்பது என் துணிபு. அந்த உபதேசத்தை முதலில் கேட்டவர்கள் யாவர்? கலிலேயாவின் மீனவர்களும் உழவர்களும் நாட்கூலிகளும் ஆவர். உரோமப் பேரரசின் வரியும் நிலக்கிழாரின் கடனும் அவர்களை நெருக்கின. என்ன உண்போம், என்ன உடுப்போம் என்பது அவர்களுக்கு நாகரிக வினா அன்று; உயிர் வினா. அவர் கற்றுக்கொடுத்த செபம் கேட்பதும் ஒரு நாளைக்கு உரிய உணவை மாத்திரமே. ஆண்டுக்கணக்கில் களஞ்சியம் வைத்திருப்பவன் அச்செபத்தைப் பொருள் உணர்ந்து சொல்வது அரிது. நாட்கூலிக்காரன் சொல்வது இயல்பு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மத்தேயுவின் நூலில், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே ஊழியம் செய்ய இயலாது என்று கூறியதன் தொடர்ச்சியாகவே கவலையைப் பற்றிய போதனை தொடங்குகிறது. லூக்காவின் நூலிலோ, விளைச்சல் மிகுந்து பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவை கட்ட நினைத்து, அந்த இரவிலேயே உயிர் துறந்த செல்வனின் கதையை அடுத்து அப்போதனை வருகிறது. ஆகவே இஃது ஏழையின் வாயை அடைப்பதற்குச் செல்வனின் கையில் கொடுக்கப்பட்ட கருவி அன்று. குவிப்பவனைக் கண்டித்த நாவே, குவிக்க இயலாதவனைத் தேற்றியது. போதனையின் முடிவும் கடவுளுடைய ஆட்சியையும் நீதியையும் முதலில் தேடுமாறு பணிக்கிறது. நீதியைத் தேடாத ஒருவன் கவலையின்மையை மட்டும் பிரித்தெடுத்துப் போதிப்பானாயின், அவன் வேதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டான் என்றே கொள்ளவேண்டும்.

வேதத்தில் மலையகத்தாருக்கு மிக நெருங்கிய உவமை ஒன்று உண்டு. திராட்சத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த உரிமையாளனின் கதையே அது. நம் மக்கள் தாம் வாழும் இடத்தைத் தோட்டம் என்றே அழைக்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டவுடனே அவர்களுக்குக் காட்சி விரிந்துவிடும். விடியற்காலையில் வந்தவனும், நடுப்பகலில் வந்தவனும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவனும் அங்கே ஒரே கூலி பெறுகிறார்கள். அக்கூலியோ ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்கு உரிய அளவு. தேயிலைத் தோட்டத்தில் நிர்ணயித்த நிறை கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையினால் குறைந்தாலும், நோயினால் குறைந்தாலும், செடியில் கொழுந்து இல்லாமற் குறைந்தாலும் தராசு அதனைக் கேட்பதில்லை. அரைப்பேர் போட்டாலும் வீட்டில் பசி அரையாகக் குறைவதும் இல்லை. உவமையின் உரிமையாளன் இதனை அறிந்தவன். தன்னை ஒருவரும் கூலிக்கு அழைக்கவில்லை என்று சந்தியில் நின்றவனின் அடுக்களையை எண்ணிப் பார்த்து அவன் பேர் போடுகிறான். கடவுளின் தோட்டத்தில் அரைப்பேர் இல்லை என்பதே அவ்வுவமையின் நற்செய்தி. இத்தகைய ஒருவரை நம்புவதற்கும், தலைவிதி என்று தலைகுனிவதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதனை மறைக்கலாகாது. சமயம் தொழிலாளியைத் தூங்கவைக்கும் மருந்து என்றும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமே அவனைச் சங்கத்திலிருந்தும் போராட்டத்திலிருந்தும் விலக்கிவைக்கிறது என்றும் கூறுவோர் உண்டு. வரலாற்றில் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1854 ஆம் ஆண்டளவில் தோட்டத் தமிழர்க்கென அங்கிலிக்கன் சபையார் தொடங்கிய ஊழியம் தோட்டத்துரைமாரின் பொருளுதவியையும் பெற்று நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் மலைமலையாக நடந்து எழுத்தறிவும் ஆறுதலும் கொடுத்தார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் துரையின் ஆதரவில் நடக்கும் ஊழியத்தில், துரையின் தராசைப் பற்றிப் பேசுவது எளிதாய் இருந்திராது என்பதை உணர்வதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1972 இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கிய இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அவர்கள், தாம் தமிழர் அல்லாதிருந்தும், தோட்ட மக்களின் பிரசாவுரிமைக்காகவும் ஊதியத்துக்காகவும் மாந்தத் தகுதிக்காகவும் நெடுங்காலம் பேசியும் எழுதியும் உழைத்தார். கடவுளை நம்பியதனால் அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. நம்பியதனாலேயே பயமின்றிப் பேசினார். கவலை மனிதனைக் கவர்வழியில் நிறுத்திவிடும் என்று மேலே கண்டோம். நம்பிக்கையோ ஒரு வழியைத் தெரிந்து நடக்கச் செய்யும். தூங்கவைப்பது எதுவோ அது விசுவாசம் அன்று. அது சோர்வு, விசுவாசத்தின் உடையை உடுத்திக்கொண்டு வருவது.

இனி, முன்னேற்பாடும் கவலையும் ஒன்றா என்னும் வினா. ஒன்றல்ல என்பதற்கு வேதமே சான்று. வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவை மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது. அதே வேதத்தில், எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைவைச் சேர்த்துவைத்து, பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு நாட்டையே காத்தான். முன்னது கெட்டது, பின்னது போற்றப்பட்டது, காரணம் என்ன? வனாந்தரத்தில் சேர்த்தவன் தனக்கென்று, நாளை கொடுப்பவன் கைவிடுவான் என்ற அச்சத்தினால் சேர்த்தான். யோசேப்பு எல்லாருக்குமென்று, பெற்ற அறிவுக்கு இணங்கச் சேர்த்தான். காசல்ரீயில் நீரைத் தேக்குவது கவலையினால் அன்று. கோடை வரும் என்று அறிந்ததனால். கதவை ஒருபோதும் திறவாமல் நீரைக் காத்துக்கொண்டிருந்தால் பொல்பிட்டியவில் ஒரு சக்கரமும் சுழலாது. சேமிப்பவன் திறக்கவும் அறிந்திருக்கவேண்டும்.

அங்ஙனமாயின் நம்பிக்கையைக் கற்பது எவ்வாறு? கற்பது என்றே சொல்கிறேன்; ஏனெனில் அஃது ஒரே நாளில் வானத்திலிருந்து விழுவதன்று. கொழுந்து பறிக்கும் விரல் பழகுவதுபோல் உள்ளமும் பழகவேண்டும்.

முதலாவது, கவலையை நாள்வாரியாகப் பகுத்துக்கொள்ளுதல். ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் தொல்லை உண்டு என்பதை இயேசு பெருமான் மறுக்கவில்லை. தொல்லையே இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. நாளைய தொல்லையையும் இன்றைய முதுகில் ஏற்றாதே என்றார். மலையேறும் பெண் ஒரு பொழுதுக்குரிய கூடையையே தலையில் மாட்டுகிறாள். மாதம் முழுவதற்குமான கொழுந்தை ஒருசேர ஏற்றினால் எத்தலைதான் தாங்கும்?

இரண்டாவது, கவலையை மறைக்காமல் கடவுளிடம் வாய்விட்டுச் சொல்லுதல். கண்ணீர் விடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் சங்கீதங்களைப் புரட்டிப் பார்க்கவேண்டும். அவற்றுள் பெரும்பங்கு முறையீடுகளே. நம்முடைய ஒப்பாரியும் அத்தகையதன்றோ? இழந்ததைப் பெயர்சொல்லி அழுபவளுக்கு அழுகையின் முடிவில் எழுந்து அடுப்பை மூட்டும் வலிமை வந்துவிடுகிறது. பெயரிடப்படாத கவலையே மனிதனை உள்ளிருந்து அரிக்கும்.

மூன்றாவது, கடவுளின் கை பெரும்பாலும் அயலாரின் கை வழியாகவே வரும் என்பதை அறிதல். மாதச் சீட்டுப் பிடிக்கும் பெண்கள், யாருடைய மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் வேண்டுமோ அவளுக்கு முதற் சீட்டை விட்டுக்கொடுப்பதுண்டு. மரண உதவிச் சங்கத்தில் மாதந்தோறும் சிறு தொகை கட்டுபவன், தான் அறியாத ஒருவனின் துயர நாளுக்கு இன்றே துணை போகிறான். அங்கே கோயிலுக்குப் போகிறவளும் தேவாலயத்துக்குப் போகிறவளும் ஒரே கொப்பியில் கையெழுத்து வைக்கிறார்கள். கடவுள் கைவிடமாட்டார் என்று செபத்தில் சொல்லிவிட்டு அடுத்த காம்பராவைக் கைவிடுகிறவன், தன் செபத்தைத் தானே பொய்யாக்குகிறான். காணிக்கை போட்டால் கடன் தீரும், கூடுதலாகப் போட்டால் வீடு வரும் என்று வாக்களிக்கும் புதுவகைப் பிரசங்கங்களும் இன்று மலையேறி வருகின்றன. அவை நம்பிக்கையைக் கற்பிப்பன அல்ல. இலாபச் சீட்டு விற்பன. கடன்பட்டவளின் கடைசி நோட்டையும் வாங்கிக்கொண்டு, பலன் வராதபோது உன் விசுவாசம் போதவில்லை என்று அவள்மீதே பழி சுமத்துவதைவிடக் கொடுமை வேறு உண்டோ?

ஈற்றில் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். நம்பியவர்களும் மாண்டுபோகிறார்களே, அதற்கு என்ன விடை? 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் மலைநாட்டுச் சரிவுகளைப் பெயர்த்துப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கே செபிக்காதவர்கள்தாம் மாண்டார்கள் என்று எவன் சொல்லத் துணிவான்? கெத்செமனே தோட்டத்தில் பாத்திரம் நீங்கும்படி வேண்டிய இயேசு பெருமானுக்கே அது நீங்கவில்லை. விசுவாசம் காப்புறுதிப் பத்திரம் அன்று. தீமை நெருங்காது என்பதன்று அதன் வாக்குறுதி. தீமையின் நடுவிலும் தனித்து விடப்படமாட்டாய் என்பதே. அவ்வாக்குறுதி போதுமா என்று என்னை வினவினால், துயரத்தில் இருப்பவனுக்காக நான் விடை கூற இயலாது; துயரத்தைக் கடந்தவர்கள் பலர் போதும் என்று கூறக் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

ஆயினும் மண்சரிவைப் பற்றி வேறொன்று சொல்ல வேண்டும். மீரியபெத்தை வாழத் தகாத இடம் என்ற எச்சரிக்கை அழிவுக்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது, கடவுளைப் பரீட்சை பார்க்கலாகாது என்று இயேசு மறுத்துவிட்டார். ஆபத்தான சரிவில் மக்களை இருத்தி வைத்துவிட்டுக் கடவுள் காப்பார் என்று இருப்பது, பிறர் உயிரைப் பணயம் வைத்துக் கடவுளைப் பரீட்சை பார்ப்பதாகும். பாதுகாப்பான நிலத்தைக் கேட்பதும், சொந்த வீட்டைக் கேட்பதும், அரைப்பேர் போடாத தராசைக் கேட்பதும் விசுவாசக் குறைவல்ல, விசுவாசத்தின் கடமை.

2023 ஆம் ஆண்டில், மலையகத்தார் இத்தீவுக்கு வந்த இருநூறு ஆண்டுகளை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியில் நோயிலும் பசியிலும் விழுந்து மடிந்த பாதை அது. அம்முன்னோருக்கு மாத்தளையில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. அடுத்த அடியை வைத்தார்கள். நடந்தவர்களுள் ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கினார்கள். தூக்க இயலாதபோது அழுதார்கள். நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. கவலைப்படாதே என்று அடுத்தமுறை ஒருவரிடம் சொல்ல நேரும்போது, அவருடைய கவலை எது என்று முதலில் கேளுங்கள். கேட்டபின், அதில் உங்களால் சுமக்கக்கூடிய பங்கு எது என்று பாருங்கள். அப்பங்கை உங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டபின் அச்சொல்லைச் சொல்லுங்கள். அப்போது அது கசக்காது.